சத்தியராஜ் கட்டிய பதினொரு பொதிகள்

கேரள எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நாற்பது படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. அதில் சத்தியராஜ் ஏழு வருடம் தினக்கூலியாக வேலை பார்த்தார். தினக்கூலி என்றதும் மண் சுமக்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டர் வேலைதான். ஆனால் நிரந்தர ஊழியர் பட்டியலில் பெயர் இல்லாதவன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்தாலும் தினக்கூலிதான். சத்தியராஜ் தன் கல்யாணத்துக்கே இரண்டு நாள்தான் லீவு போட்டார். அந்த விஷயம் மட்டும் எப்போது பேச்சில் வந்தாலும் அவர் மனைவி புஷ்பபாய் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார்.

சத்தியராஜ் இஞ்சிவிளைப் பக்கத்துக்காரர். நாலாம் வகுப்புவரை தமிழில், அதற்கு மேல் மலையாளத்தில், கல்லூரியில் இங்கிலீஷில் என்று படித்து, இரண்டாம் முயற்சியில் கணக்கில் பட்டம் வாங்கினார். டைப்ரைட்டிங் படித்தார். திருவனந்தபுரத்துக்கு ஆறு மாதம் பஸ்ஸில் போய் வந்து, பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் டி-பேஸ் என்ற மென்பொருளைப் படித்தார். தொண்ணூற்றிரண்டில் ஆஸ்பத்திரி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியபோது, அந்தப் பக்கத்தில் அதைத் தொட்டுப் பார்த்திருந்தவர்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் வளைகுடாவுக்குப் போயாகிவிட்டது.

நேர்காணல் நடத்தியவர் மேனேஜர் கருணாகரன். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். சிரிப்பதைச் சிக்கனமாக வைத்துக்கொள்கிறவர். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“இத அணைக்கத் தெரியுமோ?”

“தெரியும் சாரே.”

“அப்ப இஞ்ச நில்லு. மூணு நாளாட்டு கெடந்து எரியுது.”

விற்றவன் வந்து பொருத்தி, ஓடவிட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். நிறுத்துவது எப்படி என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சத்தியராஜ் அதை அணைத்துவிட்டு வேலையில் சேர்ந்தார்.

வேலை இதுதான். ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. எண் எழுதிய சீட்டைக் கொண்டுவந்தால் பழைய கேஸ் ஃபைலை எடுத்துக் கொடுத்துவிடலாம். சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் நூற்றில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அம்பூரி மலையிலிருந்து வரும் ரப்பர் வெட்டுக்காரரும், பாலராமபுரத்துத் தறிக்காரரும், களியக்காவிளைக்கு அப்புறமிருந்து வருகிறவர்களும் கவுண்டரில் நின்று வீட்டுப் பெயரைச் சொல்லுவார்கள். போன வருஷம் மழைக்காலத்தில் வந்தேன் என்பார்கள். கவுண்டரில் இருந்த விஜயம்மா தடிமனான பதிவேடுகளைப் புரட்டுவார். ஒரு ஆளுக்குச் சிலசமயம் முக்கால் மணிநேரம் ஆகும். விஜயம்மாவுக்கு நல்ல ஞாபகசக்தி, ஆனால் முப்பதாயிரம் பேரை எந்தத் தலையாலும் சுமக்க முடியாது.

சத்தியராஜ் அந்த முப்பதாயிரத்தையும் ஐந்து வருடத்தில் கம்ப்யூட்டருக்குள் அடித்து ஏற்றினார். ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பழைய டி-பேஸில் பெயரைக் கொடுத்துத் தேடுவதற்குள் விஜயம்மா பதிவேட்டிலேயே கண்டுபிடித்துவிடுகிறார் என்று. அதற்காக விஜயம்மா அவரைக் கிண்டல் செய்த காலம் ஒன்று உண்டு.

தொண்ணூற்றேழில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வந்தது. அதில் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருள் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றில் சத்தியராஜ் அதை ஏற்றினார். அதோடு பெர்ல் என்ற மொழியும் வந்தது. எழுத்துகளையும் பெயர்களையும் சல்லடை போட்டுச் சலிப்பதற்கென்றே பிறந்த மொழி அது. சத்தியராஜுக்கு அதைப் பிடித்துப்போயிற்று. சிலருக்கு மீன்பிடிப்பில் பைத்தியம், சிலருக்குச் சீட்டில், இவருக்கு இதில்.

பெர்ல் மொழிக்கு ஒரு வசதி உண்டு. உலகம் முழுக்க உள்ளவர்கள் தாங்கள் எழுதிய துணை நிரல்களை ஒரு பொதுக் களஞ்சியத்தில் போட்டு வைத்திருப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். டி-பேஸ் கோப்புகளைப் படிக்க ஒன்று, உச்சரிப்பு ஒத்துப்போகும் பெயர்களைத் தேட ஒன்று, தேதிகளைக் கணக்கிட ஒன்று என்று எல்லாம் அங்கே இருந்தது. இஞ்சிவிளையில் இன்டர்நெட் இல்லை என்பதுதான் குறை. புஷ்பபாயின் தம்பி விபின் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அவன் இறக்கி ஃப்ளாப்பியில் போட்டுத் தருவான். சத்தியராஜ் சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிப் போய் வாங்கி வருவார். கொண்டுவந்து ஏற்றினால் அது, “எனக்கு இன்னொன்று வேண்டும், அது எங்கே?” என்று கேட்கும். அடுத்த சனிக்கிழமை அதற்காகப் போவார். அது வேறொன்றைக் கேட்கும். இப்படிப் பதினொன்று. மைத்துனனைப் பார்க்க இவ்வளவு ஆசையாகப் போகிற மனிதரைத் தான் கண்டதில்லை என்று புஷ்பபாய் சொல்லிக் காட்டினார்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் அந்தத் தேடல் நிரல் கவுண்டருக்கு வந்தது. பெயர், வீட்டுப் பெயர், ஊர். மூன்றில் இரண்டு சரியாக இருந்தால் போதும், இரண்டு விநாடியில் எண் வந்துவிடும். விஜயம்மா முதல் நாள் வேண்டுமென்றே கஷ்டமான ஆட்களாகப் பார்த்துக் கொடுத்தார். எல்லாம் வந்தது. மத்தியானம் பதிவேடுகளைத் தூசி தட்டி அலமாரியில் அடுக்கிவிட்டு, “செரி மக்கா, நீ ஜெயிச்ச,” என்றார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சத்தியராஜுக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று. கருணாகரன் ஆஸ்பத்திரியை நடத்தும் கமிட்டியின் கூட்டத்தில், “அவன் இல்லெங்கில் நம்ம ஓ.பி. நிக்கும். அவன நிரந்தரம் ஆக்கணும்,” என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. கமிட்டி உடனே ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த வாக்கியம் சத்தியராஜுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. அவர் இல்லாவிட்டால் நிற்கும் என்பது உண்மையும்கூட. எது எங்கே ஏற்றப்பட்டிருக்கிறது, எதற்குப் பின் எது என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வைக்கவில்லை. சோம்பலால் எழுதவில்லை என்றுதான் தொடக்கத்தில் நினைத்தார். பிற்பாடு யோசித்தபோது அது முழுக்கச் சோம்பல் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

தொண்ணூற்றொன்பது மே மாதம் கருணாகரன் பேப்பரில் ஒரு செய்தி படித்தார். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று. மறுநாளே சத்தியராஜைக் கூப்பிட்டு, உள்ளதிலேயே புதியது எதுவோ அதை ஏற்றச் சொன்னார். லினக்ஸுக்கு அந்தப் பயம் தேவையில்லை என்று சத்தியராஜ் சொல்லிப் பார்த்தார். மேனேஜருக்குப் பேப்பர்மேல் இருந்த நம்பிக்கை இவர்மேல் இல்லை. ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சத்தியராஜ் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து புதிய சிடியைப் போட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த லினக்ஸில் ஒரு பொதி மேலாளர் உண்டு, ஆர்.பி.எம். என்று பெயர். பெரும்பாலும் சி மொழியில் எழுதிய நிரல்களைப் பொதி பொதியாகக் கட்டிக் கொடுப்பதற்காக உண்டானது. எந்தப் பொதி உள்ளே இருக்கிறது, அதன் கோப்புகள் எங்கே கிடக்கின்றன, அது எதை நம்பி இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் வைத்திருக்கும். ஒன்றை மாற்றுவதற்கு முன், இதை நம்பி வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும். யாராவது இருந்தால் மாற்ற மறுக்கும். நல்ல கண்டிப்பான ஆள். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் அதன் வழியாக வந்தவை மட்டும்தான். சத்தியராஜ் தம் பதினொன்றையும் பெர்ல் மொழியின் சொந்த வழியில், கையால் ஏற்றியிருந்தார். அது ஆர்.பி.எம்.மின் பதிவேட்டில் ஏறாத சங்கதி.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்.பி.எம். பழைய பெர்லை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கப்போகும் சமயம், இதை நம்பி யாருண்டு என்று பதிவேட்டைப் பார்த்தது. ஒருவரும் இல்லை. சத்தமில்லாமல் மாற்றிவிட்டது. பெட்டி ஒழுங்காக எழுந்து வந்தது. திரையில் வழக்கமான வரவேற்பு வந்தது. சத்தியராஜ் அதைப் பார்த்துத் திருப்தியாகி வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டுத் தூங்கினார். ஒரே ஒரு பெயரைக் கொடுத்துத் தேடிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. மழைக்காய்ச்சல் காலம். கவுண்டர் முன் இருநூறு பேர். விஜயம்மா முதல் பெயரை அடித்தார். இன்னதைக் காணவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. புதிய பெர்ல் தன் புதிய இடத்தில் தேடியது. பழைய துணை நிரல்கள் பழைய இடத்தில் கிடந்தன. இடத்தைக் காட்டிக் கொடுத்தாலும் முக்கியமான ஒன்று பழைய பெர்லுக்கென்றே செய்யப்பட்டிருந்தது. புதியதோடு ஒட்ட மறுத்தது. மறுபடி மூல நிரலிலிருந்து செய்ய வேண்டும். மூலம் இல்லை. சிக்கனக்காரரான சத்தியராஜ் ஒவ்வொன்றும் ஏறியதும் அந்த ஃப்ளாப்பியை அழித்து அடுத்ததற்கு எடுத்துக்கொண்டவர்.

மறுபடி ஓடவைக்க நாலு நாள் ஆயிற்று. விபினிடம் இரண்டு தடவை போய்வந்தார். எதற்குப் பின் எது என்பது மறந்துபோயிருந்தது. கவுண்டரில் பழைய பதிவேடுகள் திரும்ப வந்தன. ஒன்றரை வருடமாகக் கை விட்டுப்போனதால் விஜயம்மாவுக்கும் வேகம் இல்லை. இரண்டாம் நாள், அம்பூரியிலிருந்து சரோஜம் என்ற அம்மாள் மஞ்சள்காமாலை முற்றிய தன் கணவரைக் கூட்டி வந்திருந்தார். காலை ஏழு மணிக்கு வந்தவர்களுக்கு ஒரு மணிவரை ஃபைல் கிடைக்கவில்லை. டாக்டர் காத்துப் பார்த்துவிட்டு எல்லாச் சோதனையையும் புதிதாக எழுதினார். அந்த மனிதரின் கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார்கள். சத்தியராஜ் அதைக் கதவருகே நின்று பார்த்தார். சரோஜம் வெளியே வரும்போது அவரிடம் கேட்டார், “மெஷீனுக்கு சொகமில்லியோ மக்கா?”

அந்த அம்மாள் திட்டியிருந்தால் சத்தியராஜுக்கு நன்றாக இருந்திருக்கும். வெட்கம் அவரைத் தின்றது. அதைவிட மோசம், அதே நாள் சாயங்காலம் கருணாகரன் அவர் தோளில் கைவைத்து, “கண்டோ, நீ ஒரு நாள் கைவிட்டா ஆஸ்பத்திரி கெடந்து போவுது. டிசம்பர் கமிட்டியில நான் விடமாட்டேன்,” என்று சொன்னது. அவர் செய்த தப்பு அவருக்கே நற்சான்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் புஷ்பபாயிடம் சொன்னார். பதிவேட்டில் ஏறாத பதினொன்றைப் பற்றிச் சொல்லும்போது புஷ்பபாய் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“எனக்க பேரு ரேஷன் கார்டுல கெடந்த கெடப்பு போலயாக்கும் இது,” என்றார்.

அது இப்படி. புஷ்பபாய் களியக்காவிளைக்கு அப்புறம் பிறந்தவர், தமிழ்நாட்டுக்காரி. கல்யாணம் ஆனதும் அவர் அப்பா ஒழுங்காகத் தாலுகா ஆபீஸுக்குப் போய், மகள் பெயரைக் கார்டிலிருந்து நீக்கி, நீக்கியதற்குச் சான்றும் வாங்கிக் கொடுத்தார். சத்தியராஜ் அதை நெய்யாற்றின்கரையில் கொடுத்துப் பெயர் சேர்க்க வேண்டும். கொடுத்தார். சேர்ந்ததா என்று பார்க்கவில்லை. மூன்று வருடம் புஷ்பபாய் இரண்டு மாநிலத்திலும் இல்லாத ஆளாக இருந்தார். வீட்டில் சமைத்தார், துணி துவைத்தார், ஒரு பிள்ளையும் பெற்றார். கேஸ் கனெக்ஷனுக்கு எழுதப்போன இடத்தில்தான் அப்படி ஒருத்தியே இல்லை என்றார்கள். இந்த எல்லைக் கிராமங்களில் கட்டிக்கொண்டு வந்த பெண்களில் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் உண்டு.

“வீட்டுக்குள்ள கெடந்தாப் போருமா? கார்டுல ஏறணும். இல்லேன்னா எவனும் எடுத்து வெளிய கடாசுவான், ஆளு உண்டான்னு கேக்கவும் மாட்டான்,” என்றார் புஷ்பபாய்.

சத்தியராஜ் சோற்றைப் பிசைந்தபடி அதையே யோசித்துக்கொண்டிருந்தார். ஜூலையில் வேலையைத் தொடங்கினார். பெர்ல் மொழியின் பதினொன்றையும் ஆர்.பி.எம். ஏற்றுக்கொள்ளும்படி தனித்தனிப் பொதியாகக் கட்டுவது என்று தீர்மானம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்புக் கோப்பு எழுத வேண்டும். இதன் பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, எதை நம்பியிருக்கிறது, எப்படிச் செய்வது, எந்தெந்தக் கோப்பு எங்கே போகும். இத்தனையும் எழுதிவிட்டால் ஆர்.பி.எம். தானே செய்து, கட்டி, பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும்.

கேட்க எளிது. முதல் பொதி நன்றாக ஏறியது. இரண்டாவதை ஆர்.பி.எம். ஏற்க மறுத்தது. இதில் உள்ள ஒரு கோப்பு ஏற்கெனவே இன்னொரு பொதிக்குச் சொந்தம் என்றது. இரண்டு சனிக்கிழமை மண்டையை உடைத்த பிறகு காரணம் பிடிபட்டது. பெர்ல் வழக்கப்படி ஒவ்வொரு துணை நிரலும் ஏறும்போது, இன்ன தேதியில் நான் வந்தேன் என்று ஒரே பொதுக்கோப்பில் எழுதி வைக்கும். பொதியாகக் கட்டும்போது அந்தக் கோப்பும் ஒவ்வொரு பொதிக்குள்ளும் வந்துவிடுகிறது. பதினொன்றும் அதை என்னுடையது என்கின்றன. ஆர்.பி.எம்.முக்கு ஒரு கோப்புக்கு ஒரு சொந்தக்காரர்தான். கட்டுவதற்கு முன் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும் என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்தார். தீர்ந்தது.

பிறகு எண்களில் சண்டை. பெர்ல்காரர்களுக்கு 1.2 என்றால் ஒன்று புள்ளி இரண்டு, 1.13 அதைவிடச் சிறியது. ஆர்.பி.எம். புள்ளிக்குப் பின்னால் உள்ளதைத் தனி எண்ணாக எடுத்து, இரண்டைவிடப் பதின்மூன்று பெரிது என்று சாதித்தது. ஆகவே பழையதைப் புதியது என்று நம்பி, புதியதை உள்ளே விடவில்லை. சத்தியராஜ் எல்லாப் பதிப்பு எண்ணுக்கும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்று வைத்து இரண்டு தரப்பையும் சமாதானம் செய்தார். இரண்டு பேரும் அவரவர் ஊரில் சரிதான். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் வரும்போதுதான் தகராறு.

அக்டோபரில் பதினொன்றும் முடிந்தன. தேடல் நிரலோடு சேர்த்து மூன்று ஃப்ளாப்பியில் அடங்கின. முப்பதாயிரம் பேரின் விவரம் பழைய டி-பேஸ் கம்ப்யூட்டரிலும் இருந்தது, அங்கிருந்து நகல் எடுத்தால் போதும். கூடவே ஒரு தாளில், சிடியைப் போடுவதிலிருந்து தேடல் நிரல் ஓடுவதுவரை ஒன்பது வரி எழுதினார். எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்தார். அந்தத் தாளும் மூன்று ஃப்ளாப்பியும் இருந்தால், எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் அந்தப் பெட்டியை முதலிலிருந்து ஓடவைத்துவிடலாம். அவர் தேவையில்லை.

அப்போது ஷீனா சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நெய்யாற்றின்கரைப் பெண், கம்ப்யூட்டரில் டிப்ளமோ, மருந்துக் கடைப் பகுதிக்கென்று எடுத்த ஆள். சேரும்போதே நிரந்தரம். அதில் அந்தப் பெண்ணின் தப்பு ஒன்றும் இல்லை. கையில் கம்ப்யூட்டர் டிப்ளமோ உள்ளவரை ஒரு வரிசையிலும் இல்லாதவரை வேறு வரிசையிலும் நிறுத்துவது ஆஸ்பத்திரி வழக்கம். கெட்டிக்காரி, வாயாடி, சத்தியராஜை ‘அண்ணா’ என்று கூப்பிடுவாள்.

விஜயம்மா ஃப்ளாப்பி விஷயத்தை எப்படியோ தெரிந்துகொண்டார். ஒரு மத்தியானம் பொதிச்சோற்றைப் பிரித்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

“எலே, அத அந்தப் பிள்ள கையில குடுக்கப் போறியாக்கும்?”

“குடுக்கணும் சேச்சி.”

“கமிட்டி டிசம்பர்ல கூடும். அது வரைக்கும் பேக்குக்குள்ள கெடக்கட்டும். ஆரும் கேக்கல்லியே.”

“கேக்கல்ல.”

“பின்ன என்ன? நீ இல்லாம நடக்காதுங்கியதுதான் உனக்கு உள்ள ஒரே பலம். அத எழுதிக் குடுத்திட்டு நீ என்னத்த வெச்சு நிப்ப?”

விஜயம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஃப்ளாப்பிகள் இரண்டு வாரம் அவர் சாப்பாட்டுப் பையில் போய் வந்தன. அந்த இரண்டு வாரமும் அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. நாளைக்கு டிஸ்க் போனால், நான் இல்லாத சமயம் போனால், கவுண்டரில் யார் நிற்பார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. டிசம்பரில் நிரந்தரமாகிவிட்டால் பிள்ளையைப் பாறசாலையில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று இன்னொரு கணக்கும் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை எதுவும் யோசிக்காமல், சட்டென்று ஷீனாவின் மேஜையில் வைத்துவிட்டார். யோசித்திருந்தால் வைத்திருக்க மாட்டார்.

“இது என்னதண்ணா?”

“ஓ.பி. மெஷீனாக்கும். முழுசும்.”

ஷீனா தாளைப் படித்தாள். “இவ்வளவுதானா?” என்றாள். சத்தியராஜுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் வலித்தது. ஆமாம் என்றார்.

டிசம்பர் ஐந்தாம் தேதி சத்தியராஜுக்குச் சிக்கன்பாக்ஸ் கண்டது. உடம்பு முழுக்கக் கொப்புளம். பதினாறு நாள் உள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. வீட்டில் ஃபோன் இல்லை. பக்கத்து வீட்டு நம்பரைத்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார். எட்டாம் தேதி, ஒன்பதாம் தேதி, பத்தாம் தேதி. ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்ததா என்று தினமும் கேட்டார். வரவில்லை. காய்ச்சலைவிட அதுதான் அவரை அதிகம் படுத்தியது. ஏழு வருடத்தில் அவர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போகாமல் இருந்தால் மூன்றாம் நாள் ஃபோன் வந்துவிடும். அந்தத் தொல்லைக்கு அவர் அலுத்துக்கொண்டதும் உண்டு. இப்போது அது வராமல் படுத்துக் கிடப்பது கஷ்டமாக இருந்தது.

“மெஷீன் நல்லா ஓடிட்டிருக்கும். அதான் விளிக்கல்ல,” என்றார் புஷ்பபாய்.

“இருக்கும்,” என்றார் சத்தியராஜ்.

தழும்பு முகத்தோடு அவர் திரும்பிப் போனது கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு. விஜயம்மா அவரைப் பார்த்ததும் முதலில் நலம் விசாரித்துவிட்டு, பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்.

“பத்தாம் தேதி டிஸ்க் போச்சு மக்கா. முழுசும் போச்சு. நான் பதிவேடுகள எறக்கி வெச்சேன். அந்தப் பிள்ள வந்து, வேண்டாம் சேச்சி, அங்கேயே வையுங்கோன்னு பறஞ்சா. புது டிஸ்க் வெச்சு, உனக்க பேப்பரப் பாத்துப் பாத்து… ஒம்பது மணிக்கெல்லாம் ஓடிச்சு.”

“எப்பத் தொடங்கினா?”

“எட்டு பத்து இருக்கும்.”

ஐம்பது நிமிடம். ஜூன் மாதம் அவருக்கு நாலு நாள் ஆன வேலை.

ஷீனா அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்பது வரிக்கும் பேனாவால் சரி போட்டிருந்தாள். ஆறாவது வரியில் ஒரு சின்னத் தப்பு இருந்ததாகவும் அதைத் திருத்திவிட்டதாகவும் சொன்னாள். திருத்தியது சரிதான். “சொகமில்லாமக் கெடக்குதீங்க, எதுக்கு விளிச்சுத் தொந்தரவு செய்யணும்னு நெனச்சேன் அண்ணா. எல்லாம் இதிலயே உண்டே,” என்றாள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள்.

மத்தியானம் கருணாகரன் கூப்பிட்டார். கமிட்டி பதினைந்தாம் தேதியே கூடிவிட்டதாம். சத்தியராஜின் காரியம் எடுத்தார்களாம். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் அல்ல. சங்கடப்பட்டார் என்பது தெரிந்தது.

“டிஸ்க் போன காரியம் அவங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. ஷீனா செய்துட்டா அல்லவா. அப்ப இப்ப அவசரம் ஒண்ணும் இல்லியேன்னு கேட்டாங்க. நான் என்ன பறய? மெஷீன் நல்லா ஓடுது, சத்தியராஜே.”

“ஓடும் சாரே,” என்றார் சத்தியராஜ்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவி உட்கார்ந்ததும் பேசத் தொடங்கினார். டிஸ்க் போனது, புது டிஸ்க் வைத்தது, மூன்று ஃப்ளாப்பி. புஷ்பபாய் கப்பைக்கிழங்கும் மீனும் கொண்டுவந்து வைத்தார். சாப்பாட்டைத் தொடாமல் சொல்லிக்கொண்டே போனார்.

“பதினொண்ணும் ஒரே கட்டளையில கேறிச்சு புஷ்பம். ஒண்ணாவது இன்னொண்ண எங்கேன்னு கேக்கல்ல. அந்தப் பிள்ள இந்த வேலைய முன்னப் பின்ன செஞ்சதும் கெடையாது. அம்பது நிமிசம்.”

“கமிட்டி என்ன சொல்லிச்சு?”

“அது தள்ளி வெச்சாச்சு.”

புஷ்பபாய் எதிரே உட்கார்ந்தார். “வந்து அர மணிக்கூர் ஆச்சு. அத இப்பதான் சொல்லுதிய.”

சத்தியராஜ் அவரைப் பார்த்தார். உண்மைதான். மத்தியானமே தெரிந்த விஷயம். பஸ்ஸில் வரும்போதுகூட அவர் மனதில் ஓடியது அந்த ஐம்பது நிமிடம்தான். இப்போதுதான் மற்றது வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. கிழங்கைப் பிட்டார், வாயில் வைக்க முடியவில்லை.

புஷ்பபாய் மீன் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார். “அப்ப இனி அவியளுக்கு ஒங்கள விளிக்கவே வேண்டாமா?”

“வேண்டாம்,” என்றார் சத்தியராஜ். “அதுக்காக்கும் நான் செஞ்சது.”